மேடையில் சொன்ன கணக்கு சரிதானா? நீலகிரி வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில்கள்

தேர்தல் வந்தாலும் வராவிட்டாலும், தலைவர்கள் சொல்லும் கணக்கைப் பற்றிய சண்டை நம் மலையில் ஓய்வதில்லை. ஒருவர் தன் தலைவர் பேசிய வீடியோவை வாட்ஸ்அப் குழுவில் போடுகிறார், அடுத்தவர் "அத்தனையும் பொய்" என்கிறார், பத்தாவது நிமிடத்தில் பேச்சு அம்மா அப்பா வரை போய்விடுகிறது. பணிக்காலம் முழுக்கப் புள்ளியியல் துறையில் கணக்கோடு வாழ்ந்தவன் என்ற முறையில் என்னிடம் கேட்கப்பட்ட கேள்விகளுக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். எந்தக் கட்சிக்கும் வக்காலத்து வாங்க வரவில்லை.

ஊட்டி மருத்துவக் கல்லூரியைத் தாங்கள்தான் கொண்டுவந்ததாக மூன்று கட்சிக்காரர்களும் சொல்கிறார்கள். யார் சொல்வது உண்மை, ஐயா? (கேத்தி, செவிலியர்)

மூன்று பேரிடமும் உண்மை இருக்கிறதம்மா. அவரவருக்கு வேண்டிய துண்டை மட்டும் எடுத்துக் காட்டுகிறார்கள்.

இது மத்திய அரசும் மாநில அரசும் சேர்ந்து பணம் போடும் திட்டம். ஒரு கல்லூரிக்கு 325 கோடி ரூபாய் என்று வைத்து, அதில் 60 சதவீதம் மத்திய அரசு, 40 சதவீதம் மாநில அரசு. அதாவது 195 கோடியும் 130 கோடியும். தமிழ்நாட்டுக்கு இப்படி 11 கல்லூரிகள் கிடைத்தன, அதில் நீலகிரியும் ஒன்று. 11-ஐ 195-ஆல் பெருக்கிப் பாருங்கள், 2,145 கோடி வரும். மத்திய அரசு தன் பங்காக அறிவித்த தொகையும் அதுதான். அனுமதி கிடைத்தபோது சென்னையில் அ.தி.மு.க. ஆட்சி. 2022 ஜனவரி 12-ல் பிரதமர் மோடி 11 கல்லூரிகளையும் காணொலியில் திறந்துவைத்தார். மருத்துவமனைக் கட்டடத்தை 700 படுக்கைகளோடு 2025 ஏப்ரல் 6-ல் முதல்வர் ஸ்டாலின் ஊட்டிக்கு வந்து திறந்தார்.

ஆகவே "2022-லேயே திறந்தாகிவிட்டது" என்பவரும் பொய் சொல்லவில்லை, "2025-ல் நாங்கள் திறந்தோம்" என்பவரும் பொய் சொல்லவில்லை. ஒருவர் கல்லூரியைச் சொல்கிறார், மற்றவர் மருத்துவமனையை. இங்கே "பொய்யன்" என்று கத்தினால் தோற்பது நீங்கள்தான், ஏனென்றால் அவர் உடனே ஆதாரத்தைக் காட்டிவிடுவார். "முழுப் பணமும் உங்களுடையதா? 40 சதவீதம் யார் கொடுத்தது?" என்று கேட்டுப் பாருங்கள். எதிர்த்தரப்பைப் பார்த்து அந்த 60 சதவீதத்தையும் கேளுங்கள். செவிலியராகிய நீங்கள் கேட்க வேண்டிய இன்னொரு கேள்வி இருக்கிறது. 700 படுக்கைக்கு எத்தனை பணியிடம் ஒப்புதல் ஆனது, அதில் எத்தனை நிரம்பியிருக்கிறது? இந்த எண்ணைச் சொந்தம் கொண்டாட எந்த மேடையிலும் ஆள் கிடையாது. நோயாளிக்கு வேண்டியதோ அதுதான்.

பச்சைத் தேயிலைக்குக் கிலோ 15 ரூபாய் வருகிறது, தூள் 100 ரூபாய்க்கு ஏலம் போகிறது, மிச்சம் 85 ரூபாயைக் கொள்ளையடிக்கிறார்கள் என்று ஒரு தலைவர் பேசினார். கைதட்டினோம். சரியான கணக்குத்தானா அண்ணா? (கோத்தகிரி, சிறு விவசாயி)

இரண்டு எண்ணும் உண்மையாகவே இருக்கலாம் தம்பி, கழித்தல்தான் தப்பு. அவர் ஒரு கிலோ தூளிலிருந்து ஒரு கிலோ இலையைக் கழிக்கிறார். ஒரு கிலோ தூள் எடுக்க நாலு கிலோவுக்கு மேல் பச்சை இலை போகும் என்பது உங்களுக்கே தெரியும்.

விலைப் பகிர்வு முறைப்படி விற்பனை மதிப்பில் 65 சதவீதம் விவசாயிக்கு, 35 சதவீதம் ஃபேக்டரிக்கு. தூள் 100 ரூபாய்க்குப் போனால் இலைக்கு 65. அதை நாலேகால் கிலோவுக்குப் பங்கு போட்டால் கிலோவுக்குப் பதினைந்தேகால் ரூபாய். தேயிலை வாரியம் மாதாமாதம் அறிவிக்கும் விலை இந்த வழியில்தான் பிறக்கிறது.

அப்படியானால் விவசாயிக்குக் குறையே இல்லையா? நிறைய இருக்கிறது. உரம், மருந்து, பறிகூலி எல்லாம் கூட்டினால் 15 ரூபாய் கட்டுமா? வாரியம் அறிவித்த விலையை எல்லா ஃபேக்டரியும் கொடுக்கிறதா? இத்தனை இலைக்கு இத்தனை தூள் என்ற கணக்கை யார் சோதிக்கிறார்கள்? இந்த மூன்றிலும் உங்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. ஆனால் 85 ரூபாய்க் கணக்கைத் தூக்கிக்கொண்டு பேச்சுவார்த்தைக்குப் போனால், எதிரே உட்கார்ந்திருக்கும் அதிகாரி ஒரே நிமிடத்தில் அதை உடைத்துவிட்டு, அந்தச் சாக்கில் கோரிக்கையையும் ஓரங்கட்டிவிடுவார். நமக்காகப் பேசுகிறவர் தப்பான கணக்கைச் சொல்லும்போதுதான் எனக்கு அதிகம் வயிறு எரிகிறது. நஷ்டம் அவருக்கில்லை, இலை பறிக்கிறவருக்கு.

இ-பாஸ் கொண்டுவந்து எங்கள் வியாபாரத்தைக் கெடுத்தது எந்த அரசு? (ஊட்டி, காட்டேஜ் நடத்துபவர்)

வெளியூர் வண்டிகள் மலைக்கு வர இணையத்தில் எடுக்க வேண்டிய இந்த அனுமதிக்கு உத்தரவிட்டது சென்னை உயர் நீதிமன்றம். 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் சேர்த்து நடைமுறைக்கு வந்தது. 2025 ஏப்ரலிலிருந்து நீலகிரிக்கு வார நாட்களில் 6,000 வண்டி, வார இறுதியில் 8,000 என்று வரம்பு வைத்ததும் அதே நீதிமன்றம்தான். நடைமுறைப்படுத்துவது மாநில அரசின் வேலை. செக்போஸ்ட்டில் வரிசை நீண்டால் அரசைக் கேளுங்கள், பாஸ் ஏன் வந்தது என்பதற்கு நீதிமன்ற உத்தரவைப் படியுங்கள்.

மேடையில் பொய் பேசினால் தண்டனை கிடையாதா சார்? (குன்னூர், சட்டம் படிக்கும் மாணவி)

நீங்கள் பாடத்தில் படிக்கப்போகும் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், 1951-ல் 123(4) பிரிவைப் பாருங்கள். எதிர் வேட்பாளரின் தனிப்பட்ட குணம், நடத்தை பற்றிப் பொய்யென்று தெரிந்தே சொல்லி அவர் வெற்றி வாய்ப்பைக் கெடுத்தால் அது முறைகேடு. முடிவு வந்த 45 நாளுக்குள் உயர் நீதிமன்றத்தில் தேர்தல் வழக்குப் போடலாம், நிரூபித்தால் வெற்றியே செல்லாமல் போகும். வேட்புமனுப் பிரமாணப் பத்திரத்தில் பொய்த் தகவல் கொடுத்தாலோ மறைத்தாலோ 125ஏ பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறை.

ஆனால் "எங்கள் ஆட்சியில் விலைவாசி குறைந்தது", "இத்தனை லட்சம் பேருக்கு வேலை கொடுத்தோம்" என்று தப்பான எண் சொல்வதற்கு இந்தச் சட்டத்தில் தண்டனை இல்லை. அவைக்குள் பேசியதற்கு அரசியல் சட்டத்தின் 105, 194 பிரிவுகள் வழக்கிலிருந்து பாதுகாப்பே கொடுக்கின்றன. இப்படி இருப்பதே நல்லது என்பது என் எண்ணம். எது உண்மையான கணக்கு என்று தீர்மானிக்கும் அதிகாரத்தை அரசிடம் கொடுத்தால், முதலில் வாய் அடைக்கப்படுவது எதிர்க்கட்சிதான். மத்திய அரசைப் பற்றிய செய்திகளில் எது பொய் என்று சொல்ல ஓர் உண்மை கண்டறியும் பிரிவை வைக்க வழிசெய்த விதியை 2024 செப்டம்பரில் மும்பை உயர் நீதிமன்றம் ரத்து செய்ததை இதோடு சேர்த்துப் படியுங்கள்.

மலை ரயிலைத் தனியாருக்கு விற்றுவிட்டார்கள் என்று ஃபார்வர்டு வந்தது. இப்போதும் சுற்றுகிறது. (வெலிங்டன்)

2020 டிசம்பரில் கிளம்பியது. ஒரு நிறுவனம் ரயிலை வாடகைக்கு எடுத்து அதிகக் கட்டணத்தில் ஓட்டியது உண்மை. ரயில் விற்கப்படவில்லை என்று ரயில்வே அப்போதே விளக்கம் கொடுத்தது. அந்தக் கட்டணம் நியாயமா என்று தாராளமாகச் சண்டை போடலாம், அது வேறு கேள்வி. ஃபார்வர்டில் தேதி இல்லையென்றால் அனுப்பாதீர்கள்.

மாவட்டத்தில் மக்கள்தொகை பெருகிவிட்டது, அதனால்தான் தண்ணீர்ப் பஞ்சம் என்கிறார் எங்கள் பகுதிப் பிரமுகர். (அருவங்காடு)

2001 கணக்கெடுப்பில் நீலகிரியில் 7,62,141 பேர். 2011-ல் 7,35,394. அதாவது 26,747 பேர் குறைந்திருக்கிறார்கள். அதற்குப் பிறகு கணக்கெடுப்பே நடக்காததால், இன்றைய மக்கள்தொகை என்று யார் எந்த எண்ணைச் சொன்னாலும் அது மதிப்பீடுதான். அடுத்த கணக்கெடுப்புக்கு 2027 மார்ச் 1 என்று நாள் குறித்திருக்கிறார்கள். சுற்றுலா வருகிறவர்களையும் லாட்ஜ் தண்ணீரையும் பற்றி அவர் பேசட்டும், காது கொடுத்துக் கேட்கலாம்.

கூடலூரில் ஒவ்வொரு தேர்தலுக்கும் பட்டா தருவோம் என்கிறார்கள். இது பொய்க் கணக்கில் சேருமா? (தேவர்சோலை)

வாக்குறுதியைச் சரிபார்க்க முடியாது, அதற்கு வழி இருக்கிறதா என்றுதான் பார்க்க முடியும். தேர்தல் அறிக்கை வாக்குறுதி முறைகேடு ஆகாது என்று 2013-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஜென்மிகள் என்ற பரம்பரை நிலக்கிழார்களின் நிலத்தை அரசு எடுத்துக்கொள்ளும் ஜென்ம நில ஒழிப்புச் சட்டம் 1969-ல் வந்தது, 1974-ல் நடைமுறைக்கு வந்தது. அந்தச் சட்டத்தின் 17-ஆம் பிரிவில் வரும், உரிமை இன்னும் முடிவாகாத நிலத்தில் குடியிருப்பவர்கள் தலைமுறை தலைமுறையாகக் காத்திருக்கிறார்கள். ஓட்டுக் கேட்டு வருகிறவரிடம் இரண்டே கேள்வி கேளுங்கள். சட்டத்தைத் திருத்தப் போகிறீர்களா, அரசாணை போடப் போகிறீர்களா? வன நிலம் பற்றிய நீதிமன்ற உத்தரவுகளை எப்படிக் கடப்பீர்கள்? பதில் இல்லாமல் கும்பிட்டுவிட்டு நகர்ந்தால் உங்களுக்குத் தெரிய வேண்டியது தெரிந்துவிட்டது.

ஆதாரம் காட்டினாலும் என் அண்ணன் மாறுவதில்லை. பேசியே பயனில்லையோ? (குன்னூர்)

அமெரிக்காவில் 2016 தேர்தல் நேரத்தில் ஓர் ஆய்வு நடந்தது. குற்றங்கள் பெருகிவிட்டன என்று டிரம்ப் பேசியதைக் காட்டி, கூடவே அரசின் குற்றப் புள்ளிவிவரத்தையும் காட்டினார்கள். அவருடைய ஆதரவாளர்களும் எண்ணைத் திருத்திக்கொண்டார்கள், அவர் மேல் வைத்த அபிமானம் மட்டும் அசையவில்லை. ஆகவே அண்ணன் எண்ணை ஒப்புக்கொண்டால் அதோடு நிறுத்துங்கள். "அப்படியானால் கட்சி மாறு" என்று அடுத்த வரியைச் சேர்த்தால், ஒப்புக்கொண்ட எண்ணையும் வாபஸ் வாங்கிவிடுவார். குழுவில் எல்லார் முன்னாலும் திருத்துவதைவிடத் தனியாகப் பேசுவது மேல். அபிமானம் அவருடைய உரிமை தங்கச்சி. எண் மட்டும் எல்லாருக்கும் பொது.

ஒரு கணக்கைச் சரிபார்க்க நான் எங்கே போவது? கம்ப்யூட்டர் எல்லாம் பழக்கமில்லை. (கோத்தகிரி, ஓய்வுபெற்ற தபால்காரர்)

தகவல் அறியும் உரிமைச் சட்டம் போதும் ஐயா. வெள்ளைத்தாளில் எழுதி, 10 ரூபாய்க் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, அந்தத் துறையின் பொதுத் தகவல் அலுவலருக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் அதே துறையில் மேல்முறையீடு.

"ஏன் ரோடு போடவில்லை?" என்று எழுதினால் பதில் வராது, காரணம் கேட்க இந்தச் சட்டத்தில் இடமில்லை. ஆவணத்தைக் கேளுங்கள். எம்.எல்.ஏ. தொகுதி நிதி ஆண்டுக்கு 3 கோடி, எம்.பி. நிதி 5 கோடி. உங்கள் ஊருக்கு 20 லட்சத்தில் ரோடு போட்டதாகப் பேசினாரா? இப்படி எழுதுங்கள்: "இன்ன நிதியாண்டில், இன்ன ஊராட்சியில், தொகுதி மேம்பாட்டு நிதியில் அனுமதித்த பணிகளின் பட்டியல், ஒவ்வொன்றின் மதிப்பீடு, செலவான தொகை, பணி முடிந்த தேதி, அளவைப் புத்தகத்தின் நகல்." அளவைப் புத்தகம் என்பது முடிந்த வேலையை அளந்து எழுதிவைக்கும் பதிவேடு. முகவரி: மாவட்ட ஊரக வளர்ச்சி முகமை, ஊட்டி. அனுப்பும் முன் ஒரு ஜெராக்ஸ் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், மேல்முறையீட்டுக்கு அது வேண்டும்.