ஹிஸ்டோன் ஆன்டிபாடி புது லாட் வந்திருக்கு, வெஸ்டர்ன்ல ஒரே பேண்ட் சுத்தமா வருது. நேரா சிப் பண்ணிடலாமா?

பண்ணாதீங்க. (புதுசா வர்றவங்களுக்கு: டிஎன்ஏ நூல் மாதிரி எதைச் சுத்தியிருக்கோ அந்த புரோட்டீன்தான் ஹிஸ்டோன், அதுல ஒட்டுற மெத்தில் மாதிரி கெமிக்கல் குறிதான் மார்க், லாட்னா ஆன்டிபாடியை ஒரு தடவை தயாரிச்ச பேட்ச். வெஸ்டர்ன்ல புரோட்டீனை ஜெல்ல அளவு வாரியா பிரிச்சு ஆன்டிபாடி எதைப் பிடிக்குதுன்னு பேண்டா பார்ப்போம், சிப், அதாவது ChIP, அந்த மார்க் டிஎன்ஏல எந்த இடத்துல இருக்குன்னு காட்டும்.) அந்த ஒத்த பேண்டை நம்பி எனக்கு எட்டு மாசம் போச்சு, அதான் கேள்வியைப் பார்த்ததும் கை சும்மா இருக்கல.

அனேகமா உங்க பழைய லாட் தீர்ந்திருக்கும், கைடு "அதே கேட்டலாக் நம்பர்தானே, இதுல என்ன யோசனை"ன்னு கேட்டிருப்பார். எங்க லேப்லயும் அப்படித்தான். நான் பார்த்துட்டு இருந்தது எச்3 ஹிஸ்டோன்ல 27வது அமினோ அமிலமான லைசின்ல (சுருக்கமா கே27) வர்ற ட்ரைமெத்தில், மூணு மெத்தில், அதாவது பாலிகோம்ப்ங்கற புரோட்டீன் கூட்டம் ஜீன்களை அமுக்கி வைக்கிற இடத்துல இருக்குற மார்க். ஆன்டிபாடி முயல்ல எடுத்த பாலிகுளோனல், அதாவது பல ஆன்டிபாடிகளோட கலவை. புது லாட் வந்ததும் ஆசிட் எக்ஸ்ட்ராக்ஷன் பண்ணி 15% ஜெல் ஓட்டினேன், 17 கிலோடால்டன் பக்கத்துல ஒரே பேண்ட், பேக்ரவுண்டே இல்ல, ஃப்ரேம் போட்டு மாட்டலாம் போல இருந்துச்சு.

அப்புறம் மருந்து குடுத்த மவுஸ் செல்கள்ல சிப் போட்டேன். மேஜர் சாட்டிலைட் ரிப்பீட்ல (சென்ட்ரோமியர் பக்கத்துல திரும்பத் திரும்ப வர்ற டிஎன்ஏ) சிக்னல் பிச்சுக்கிட்டு போகுது! மருந்து குடுக்காத செல்கள்ல அங்க ஒண்ணுமே இல்ல. (அந்த கன்ட்ரோலை நான் பழைய லாட்ல போட்டிருந்தேன். ஆமா, தப்புதான், தெரியும், பழைய லாட்ல ஒரு சொட்டு மிச்சமில்ல, கன்ட்ரோலைப் புதுசுல திரும்பப் போட சோம்பல், திட்டணும்னா திட்டிக்கோங்க.) 9வது லைசின்ல (கே9) மெத்தில் போடுற சுவ்39எச் என்சைம் இல்லாத மவுஸ் செல்கள்ல அந்த இடத்துக்கு கே27 மெத்திலேஷன் வந்துடும்னு 2003லயே பேப்பர் இருக்கு, அதனால மருந்து குடுத்தா கே27 மார்க் அங்க வருதுங்கற எங்க கதையும் நம்புற மாதிரியேதான் இருந்துச்சு. கைடு ஃபிகர் வரையவே ஆரம்பிச்சுட்டார்.

விஷயம் என்னன்னா, எச்3ல 9வது லைசினைச் சுத்தியும் 27வது லைசினைச் சுத்தியும் இருக்குற வரிசை ஒண்ணேதான்: அலனின், ஆர்ஜினின், லைசின், செரின். ஆன்டிபாடி அந்த நாலெழுத்தை மட்டும் பிடிச்சுக்கிட்டா ரெண்டையும் பிடிக்கும். கே9 ட்ரைமெத்தில் எங்க குவிஞ்சு கிடக்கும்? அதே சாட்டிலைட் ரிப்பீட்ல. வெஸ்டர்ன் ஏன் சொல்லலன்னு கேட்டா, கே9 இருக்குறதும் எச்3தான், கே27 இருக்குறதும் எச்3தான், ரெண்டும் ஒரே உயரத்துலதான் ஓடும், நூறு தடவை ஓட்டினாலும் ஒரே பேண்ட்தான் வரும். மத்த புரோட்டீனுக்கு ஒத்த பேண்ட்னா கொஞ்சமாவது அர்த்தம் இருக்கு, ஹிஸ்டோன் மார்க்குக்கு அது "எச்3ஐ பிடிக்குது"ங்கறதைத் தாண்டி ஒண்ணும் சொல்லாது.

கண்டுபிடிச்சது ஒரு சாயங்காலம். நைட்ரோசெல்லுலோஸ் மெம்பிரேன்ல பென்சிலால கட்டம் போட்டு பெப்டைடை, அதாவது எச்3ஓட சின்னத் துண்டை, 100, 50, 25 நானோகிராம்னு சொட்டு வெச்சேன் (இதுதான் டாட் ப்ளாட்), மாற்றம் இல்லாதது, கே27 மோனோ, டை, ட்ரை (ஒண்ணு, ரெண்டு, மூணு மெத்தில்), கூடவே பக்கத்து லேப்ல கெஞ்சி வாங்கின கே9 ட்ரை. டெவலப் பண்ணினா கே27 ட்ரை வரிசை கருப்பு, கே9 ட்ரை வரிசையும் கிட்டத்தட்ட அதே கருப்பு. கொஞ்ச நேரம் எழுந்துக்கவே இல்ல.

கம்பெனி டேட்டாஷீட்டை எடுத்துப் பார்த்தா கே27ஓட மோனோ, டை, ட்ரை மட்டும்தான் டெஸ்ட் பண்ணியிருக்காங்க, கே9 பேச்சே இல்ல. மெயில் போட்டேன், "எங்க கையில வெஸ்டர்ன் நல்லா வருது"ன்னு பதில். ஆமாய்யா, எனக்கும்தான் வந்துச்சு. இது ஏதோ என் ஒருத்தர் புலம்பல்னு நினைக்க வேண்டாம், 2011ல வந்த ஒரு ஆய்வுல 200க்கும் மேல ஹிஸ்டோன் ஆன்டிபாடிகளைச் சோதிச்சாங்க, கால்வாசிக்கு மேல டாட் ப்ளாட் இல்லன்னா வெஸ்டர்ன்லயே ஃபெயில், அதுல தேறினதுலயும் 20 சதவீதத்துக்கு மேல சிப்ல வேலை செய்யல.

"மோனோகுளோனல் வாங்கியிருக்கலாமே"ன்னு யாராச்சும் வருவீங்க. ரீகாம்பினன்ட் மோனோகுளோனல்னா, அதாவது ஜீனை வெச்சு தயாரிக்கிற ஒரே வகை ஆன்டிபாடின்னா, லாட்டுக்கு லாட் பெருசா மாறாது, ஒத்துக்கறேன். ஆனா அது கே9ஐ பிடிக்கிற ரகமா இருந்தா எல்லா லாட்லயும் ஒழுங்கா பிடிக்கும், அவ்வளவுதான்.

இதுல இன்னொரு எரிச்சல், பேப்பர்ல மெத்தட்ஸ் எழுதுறவங்க கம்பெனி பேரை மட்டும் போட்டுட்டு லாட் நம்பரை விட்டுடறாங்க. அவங்க ரிசல்ட் எனக்கு ஏன் வரலன்னு எப்படித்தான் கண்டுபிடிக்கிறது? 

உங்களுக்கு: முதல்ல டாட் ப்ளாட், அதுல வரிசை ஒத்துப்போற இன்னொரு லைசினோட பெப்டைடு (கே27னா கே9) கண்டிப்பா இருக்கணும். பெப்டைடு காம்பெட்டிஷன் (ஆன்டிபாடியோட முன்னாடியே பெப்டைடைக் கலந்து சிக்னல் அடங்குதான்னு பார்க்கிறது) பண்ணினா ஆன்டிபாடி எடுத்த அதே பெப்டைடை மட்டும் போட்டு திருப்திப்படாதீங்க, மோசமான ஆன்டிபாடியும் அதுல அடங்கத்தான் செய்யும். ஈகோலை பாக்டீரியாவுல எடுத்த எச்3ல எந்த மார்க்கும் இருக்காது, ஜெல்ல ஒரு லேன் அதுக்கு ஒதுக்குங்க. உங்க மார்க்கும் கே27னா இஇசட்எச்2 இன்ஹிபிட்டர் (கே27ல மெத்தில் போடுற என்சைமைத் தடுக்கிற மருந்து) சில நாள் குடுத்த செல்கள்ல சிக்னல் விழுதான்னு பாருங்க, ஒரே நாள்ல விழாது, செல் பிரிய பிரியத்தான் குறையும். தேறிச்சுன்னா அதே லாட்ல இன்னும் நாலு டியூப் சேர்த்து ஆர்டர் போட்டுடுங்க.

என்னோட அந்த டியூப் பாதி மிச்சம் இன்னும் ஃப்ரீசர்ல இருக்கு. மூடியில சிவப்பு மார்க்கரால "கே9ஆ கே27ஆ கடவுளுக்கே வெளிச்சம்"னு எழுதி வெச்சிருக்கேன், அப்படியும் போன மாசம் ஒரு ஜூனியர் "அக்கா, இதுல அஞ்சு மைக்ரோலிட்டர் எடுத்துக்கட்டுமா"ன்னு வந்து நிக்கறான்.