வாசகர் கேள்வி: முதியோர் இல்லத்தில் பிடே இருக்கை

கேள்வி: எங்கள் முதியோர் இல்லத்தில் பக்கவாதத்தால் ஒரு கை செயலிழந்த இருவர் இருக்கிறார்கள். ஹெல்த் ஃபாசெட்டைப் பிடித்துக் கழுவ முடியாமல் ஒவ்வொரு முறையும் பணிப்பெண்ணை அழைக்கக் கூச்சப்படுகிறார்கள். உட்கார்ந்தபடியே நீர் பீச்சிக் கழுவிவிடும் பிடே இருக்கையைக் கழிப்பறையில் போடலாமா?
– வாசகி, கோவை

பதில்: கட்டாயம் போடுங்கள். ஃபாசெட்டை எடுத்துக் கழுவ உடம்பைத் திருப்ப வேண்டும். கைப்பிடிக் கம்பியைப் பற்றியிருக்கும் ஒரே கையையும் விட வேண்டும். விழுவது அப்போதுதான்.

நீரைத் திறக்கும் குமிழ் பெரும்பாலும் இருக்கையின் வலப்பக்கம் இருக்கும். இடக்கை மட்டும் இயங்குபவருக்கு, ரிமோட்டை இடச்சுவரில் மாட்டக்கூடிய மின்சார மாடலே சரி. அதற்கு எர்த் உள்ள தனி பாயின்ட்டும் மின்கசிவு ஏற்பட்டால் உடனே மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி.யும் அவசியம். நீரை 36–38 டிகிரியில் வையுங்கள். மின்சாரமில்லாத மாடலில் கோடை மதியம் கவனம் தேவை: மொட்டைமாடித் தொட்டியிலும் குழாயிலும் வெயிலில் சூடேறிய நீர் நேராக வரும். நீரிழிவால் உணர்வு மங்கியவருக்குச் சுடுவதே தெரியாது. குழாயில் நின்ற நீரை முதலில் வெளியேற்றி, மணிக்கட்டின் உட்புறத்தில் விட்டுப் பாருங்கள்.

பிரஷர் பம்ப் உள்ள கட்டடமென்றால் இருக்கைக்கு நீர் வரும் சுவர்க்குழாயின் ஆங்கிள் வால்வைச் சிறிதளவே திறந்து வையுங்கள். பலமான பீச்சல் மெலிந்த தோலைப் புண்ணாக்கும். குறைந்த வேகத்தில் 20 வினாடி போதும். மறதி நோய் உள்ளவரிடம் "தண்ணி வரும்மா" என்று சொல்லிவிட்டுத் திறக்க வேண்டும். திடீரென நீர் பட்டால் மிரண்டு எழுந்துவிடுவார்கள்.

பலரும் கோட்டை விடுவது துடைப்பதில். மின்சார மாடலின் வெப்பக்காற்று தோல் மடிப்புகளுக்குள் போகாது. ஈரம் தங்கினால் தொடை இடுக்கில் படை வரும். ஆளுக்கொரு பருத்தித் துணியால், தேய்க்காமல், முன்னிருந்து பின்னாக ஒற்றியெடுங்கள். பேதி இருந்தால் துத்தநாக ஆக்சைடு களிம்பை மெல்லிதாகத் தடவலாம்.

தானே கழுவிக்கொள்பவரின் பின்புறத்தை யாரும் பார்ப்பதில்லை. வால் எலும்பில் சிவப்பு, மலத்தில் ரத்தம், கறுப்பு நிறம் எல்லாம் தப்பிவிடும். குளிப்பாட்டும்போது தோலைப் பாருங்கள். மலம் எப்படிப் போனது என்று தினமும் கேளுங்கள்.

போர்வெல் நீரின் உப்பு, நீர் பீச்சும் முனையை அடைத்தால் நீர் பக்கவாட்டில் பீச்சும். மின்சாரத்தை நிறுத்திவிட்டு, வினிகரில் நனைத்த துணியை முனையில் அரைமணி நேரம் சுற்றி வையுங்கள். டாய்லெட் ஆசிட் வேண்டாம். வாரமொரு முறை இருக்கை போல்ட்டுகளையும் இறுக்குங்கள். சக்கர நாற்காலியிலிருந்து சரிந்து அமரும்போது தளர்ந்த இருக்கை நகரும்.

கேள்வி: படுக்கையிலேயே இருப்பவருக்கு?

பதில்: பெட்பேன் வைத்து, மூடியில் துளையுள்ள அரை லிட்டர் பிளாஸ்டிக் பாட்டிலில் வெதுவெதுப்பான நீரைப் பீய்ச்சிக் கழுவுங்கள். கையுறை போட்டு, முன்னிருந்து பின்னாக.