அத்தான் வருகிறார், ஒரு கிளாஸ் எடுக்கலாமா?

வணக்கம் அக்கா,

எனக்கு 43 வயது. விசுவமடுப் பக்கம் சின்னக் கராஜ் வைத்திருக்கிறேன். லான்ட்மாஸ்டர், தண்ணிப் பம்ப் திருத்துகிற வேலை. குடியை விட்டு 14 மாதம்.

2010இல் முகாமிலிருந்து ஊர் திரும்பிய பிறகுதான் பழகினேன். கண்ணை மூடினால் ஷெல் சத்தம், நித்திரை வராது. கால் போத்தல் சாராயம் அடித்தால் படுக்கலாம். பிறகு அது அரைப் போத்தலாகியது. காசில்லாத நாளில் கசிப்பு. கடைசி இரண்டு வருடம் காலையில் ஸ்பானரைப் பிடித்தால் கை நடுங்கும். பழைய ஒயில் கேனுக்குள் ஒளித்து வைத்திருப்பதில் ஒரு முடக்கு குடித்தால்தான் நட்டைக் கழற்ற முடியும்.

ஒருமுறை "சனிக்கிழமை மட்டும்" என்று வட்டுவாகல் பாலத்தடியில் வைத்து மனைவிக்குச் சத்தியம் பண்ணினேன். மூன்று கிழமை சரியாக நடந்தது. நாலாவது கிழமை வெள்ளிக்கிழமையும் குடித்தேன். இரண்டு மாதத்தில் பழையபடி. கடைசியாக ஒரேயடியாக நிறுத்தினேன். இரண்டாம் நாள் கராஜுக்குள்ளேயே வலிப்பு வந்து விழுந்தேன். வைத்தியசாலையில் பத்து நாள். அதற்குப் பிறகு தொடவில்லை.

ஆவணியில் அக்காவும் அத்தானும் கனடாவிலிருந்து வருகினம். "இவ்வளவு நாள் விட்டிருந்தவன் இனி அளவாக் குடிக்கலாம்தானே, இங்க டொக்டர்மாரே ரெண்டு கிளாஸ் எடுக்கினம்" என்று அத்தான் போனில் சொல்கிறார். எனக்கும் அப்படித்தான் படுகிறது. முந்தின ஆசை இப்போது இல்லை. எல்லாரும் இருந்து கதைக்கிற இடத்தில் நான் மட்டும் சோடாவோடு நோயாளி மாதிரி இருக்க வேண்டுமா?

மகளுக்கு 11 வயது. முன்பு நான் வீட்டுக்கு வந்தால் பையை வாங்குகிற மாதிரி கிட்ட வந்து வாயை மணந்து பார்ப்பாள். சில மாதமாக அதை விட்டுவிட்டாள். மனைவிக்குத் தெரியாமல்தான் எழுதுகிறேன். ஒரே ஒருநாள், ஒரு கிளாஸ். முடியுமா?

— ஒரு வாசகர்

அன்பான தம்பி,

உங்களுக்கு அது வேண்டாம். சுற்றி வளைக்காமல் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

குடியால் கஷ்டப்பட்ட எவராலும் அளவாகக் குடிக்கவே முடியாது என்று நான் சொல்லமாட்டேன். அது உண்மையல்ல. கை நடுக்கம், வலிப்பு என்று போகாமல், பிரச்சினை தொடங்கும்போதே விழித்துக்கொண்ட சிலர் குறைத்துக் குடித்து அப்படியே இருந்துவிடுகிறார்கள். ஆனால் நீங்கள் அந்த இடத்தைக் கடந்துவிட்டீர்கள். காலையில் நடுங்குகிற கை ஒரு முடக்கில் நிற்கிறது, நிறுத்தினால் இரண்டாம் நாள் வலிப்பு வருகிறது என்றால், சாராயம் இல்லாமல் இயங்க முடியாத அளவுக்கு நரம்புகள் மாறியிருந்தன என்று அர்த்தம். அத்தான் சொல்லும் டொக்டர்மாருக்கு இந்த நிலை வந்ததே இருக்காது. அவர்களோடு உங்களை ஒப்பிட வேண்டாம்.

வைத்திய உலகிலும் இது பெரிய வாக்குவாதமாக இருந்தது. லண்டன் மோட்ஸ்லி மருத்துவமனையின் டேவிஸ் என்ற மனநல வைத்தியர், குடிநோய்க்குச் சிகிச்சை பெற்ற 93 பேரில் 7 பேர் வருடக்கணக்காகச் சாதாரணமாகக் குடிக்கிறார்கள் என்று 1962இல் எழுதினார். பலருக்கு அது பெரிய நம்பிக்கை. பிறகு அதே ஏழு பேரையும் பற்றி எட்வர்ட்ஸ் என்ற வைத்தியர் மறுபடி விசாரித்து 1985இல் எழுதினார். ஐந்து பேருக்குக் குடியால் கடும் பிரச்சினை இருந்திருக்கிறது, டேவிஸ் எழுதிய அந்தக் காலத்திலேயே கூட. பிரச்சினையில்லாமல் குடித்தவர்கள் இரண்டு பேர்தான். அந்த இரண்டில் ஒருவர் ஒருபோதும் கடுமையாக அடிமைப்பட்டிருந்தவர் அல்ல.

இனி உங்கள் சனிக்கிழமைக் கதைக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் நான் திரும்பத் திரும்ப வாசித்த இடம் அதுதான். அத்தானோடு குடிக்கிற அந்த ஒரு கிளாஸால் அன்றைக்கு ஒன்றும் நடக்காமல் போகலாம். நீங்கள் நல்லாகச் சாப்பிட்டுப் படுப்பீர்கள், காலையில் கை நடுங்காது. எனக்கு அதுதான் பயம். "பார்த்தியா, என்னால் முடியும்" என்று மனம் அதைச் சாட்சியாக எடுத்து வைத்துக்கொள்ளும். அடுத்தது நெல் வெட்டு முடிந்த நாள், அதற்கடுத்தது யாரோ வீட்டுக் கலியாணம். அன்று மூன்று கிழமை சரியாக நடந்ததே, அந்த மூன்று கிழமைதான் நாலாவது கிழமைக்குக் கதவைத் திறந்துவிட்டது. அளவாகக் குடிக்க முடியுமா என்ற பரீட்சையை, மனைவிக்குச் சத்தியம் பண்ணி, முழு மனதோடு, நீங்கள் ஏற்கனவே செய்து பார்த்துவிட்டீர்கள்.

'ஆசை இல்லை' என்கிறீர்கள். நம்புகிறேன். 14 மாதம் சின்ன விஷயமில்லை. ஆனால் குடிக்காததால்தான் ஆசை அடங்கிக் கிடக்கிறது.

நித்திரையைப் பற்றி நீங்கள் ஒரு வரியோடு விட்டுவிட்டீர்கள். ஷெல் சத்தம் இப்போதும் கேட்கிறதா? சாராயம் நித்திரையைக் கொண்டுவரும், ஆனால் பின்னிரவில் கலைத்துவிடும், கெட்ட கனவுகளையும் கூட்டும். அந்தச் சத்தத்துக்குத் தனியாகச் சிகிச்சை இருக்கிறது. கிளிநொச்சி மாவட்ட வைத்தியசாலையின் மனநலப் பிரிவில் குடியோடு சேர்த்து இதையும் சொல்லுங்கள். தேசிய மனநல உதவித் தொலைபேசியான 1926 இலக்கத்துக்கும் அழைக்கலாம். குடிக்கும் இழுப்பைக் குறைக்கும் மருந்துகளும் உண்டு, ஈரலைப் பரிசோதித்து வைத்தியர் தீர்மானிப்பார்.

அத்தானுக்கு இப்போதே, அவர் வருமுன்பே, போனில் சொல்லிவிடுங்கள்: "அத்தான், எனக்கு வலிப்பு வந்தது. இனி ஒரு சொட்டும் டொக்டர் வேண்டாமெண்டிட்டார். நீங்கள் குடியுங்கோ, நான் கோழி பொரிச்சுத் தாறன்." வலிப்பு என்ற சொல்லைக் கட்டாயம் சொல்லுங்கள். அதைக் கேட்டபின் யாரும் கிளாஸை நீட்டமாட்டார்கள். இரண்டாவது போத்தல் திறக்கும் நேரத்துக்கு நீங்கள் எழும்பி வரலாம், பம்ப் வேலை இருக்கிறது என்று சொன்னால் போதும்.

எப்போதாவது தவறிக் குடித்துவிட்டால், எல்லாம் போச்சு என்று தொடர்ந்து குடிக்காதீர்கள். அப்படிச் சில நாள் தொடர்ந்து குடித்திருந்தால் வீட்டில் இருந்தபடி திடீரென்று நிறுத்தவும் வேண்டாம். கடைசிக் குடிக்குப் பிறகு 6 முதல் 48 மணித்தியாலத்துக்குள்தான் வலிப்பு அதிகம் வரும். ஒருமுறை வந்தவருக்கு மறுபடி வரக்கூடும், நேரே வைத்தியசாலைக்குப் போங்கள்.

ஆவணிக்கு முன் ஒரு கிளினிக் நாளில் மனைவியையும் கூட்டிக்கொண்டு போங்கள். அதற்கு முதல் இந்தக் கடிதத்தை அவரிடம் காட்டுங்கள்.

அன்புடன்,
அக்கா