புல்வெட்டும் இயந்திரத்தின் வேகம் ஏறி இறங்கினால் கவர்னரையா சந்தேகிப்பது?

கேள்வி: இரண்டு மாதம் சும்மா நின்ற பெட்ரோல் புல்வெட்டும் இயந்திரத்தை எடுத்து ஓட்டினேன். உடனே ஸ்டார்ட் ஆனது. ஆனால் இரண்டு மூன்று நொடிக்கு ஒருமுறை உறுமி வேகம் ஏறுகிறது, தணிகிறது, மறுபடி ஏறுகிறது. புல்லில் இறக்கினால் ஓரளவு சீராகிறது. ஏர் ஃபில்டரைச் சுத்தம் செய்தும் பயனில்லை. எஞ்சின் வேகத்தைச் சீராக வைக்கும் கவர்னரின் ஸ்பிரிங்கைச் சற்று இழுத்துவிட்டால் சரியாகும் என்கிறார் நண்பர். செய்யலாமா?

பதில்: தயவுசெய்து வேண்டாம். நீங்கள் சொல்லும் அறிகுறிகளைப் பார்த்தால் கோளாறு பெரும்பாலும் பெட்ரோலையும் காற்றையும் கலந்து தரும் கார்புரேட்டரில்தான் இருக்கும். கவர்னர் தன் வேலையைச் செய்துகொண்டிருக்கிறது.

கவர்னரின் ஸ்பிரிங், எஞ்சினுக்குள் போகும் கலவையின் அளவைக் கட்டுப்படுத்தும் கதவான த்ராட்டிலை எப்போதும் திறக்கப் பார்க்கும். எஞ்சின் வேகமெடுத்ததும், உள்ளே சுழலும் எடைகளோ, சில மாடல்களில் விசிறிக் காற்று தள்ளும் தகடோ அதை மூடப் பார்க்கும். இரண்டும் சமமாகும் இடத்தில் வேகம் நிலைக்கிறது. கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்து விடும் சிறு துளையுள்ள ஜெட்டில் அடைப்பு இருந்தால் பெட்ரோல் போதாமல் எஞ்சின் தளரும். உடனே கவர்னர் த்ராட்டிலைத் திறக்க, வேகம் எகிறும். எகிறியதும் அதுவே மூட, மறுபடி தளரும். நீங்கள் கேட்கும் உறுமல் இதுதான்.

இதை உறுதிப்படுத்த ஓர் எளிய சோதனை இருக்கிறது. எஞ்சின் ஓடும்போது உள்ளே போகும் காற்றைக் குறைக்கும் சோக்கைப் பாதியளவு மூடிப் பாருங்கள். ஏற்ற இறக்கம் அடங்கினால் பெட்ரோல் குறைவாகப் போகிறது, அல்லது எங்கோ காற்று கசிந்து உள்ளே நுழைகிறது என்று பொருள். கரும்புகை வந்து நிலைமை மோசமானால் காரணம் வேறு.

அடங்கியது என்றால், எஞ்சினை நிறுத்தி ஆறவிட்டு, ஸ்பார்க் பிளக் வயரைக் கழற்றிவிட்டு வேலையைத் தொடங்குங்கள். பிளேடைத் தொடாத வேலைதானே என்று வயரை விட்டுவைக்காதீர்கள். பழைய பெட்ரோலை முழுவதும் வடித்துவிடுங்கள். எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை இழுக்கும். ஒரு மாதத்துக்கு மேல் தேங்கினாலே நம்ப முடியாது. கார்புரேட்டரின் அடிக்கிண்ணத்தைக் கழற்றினால் மஞ்சள் பிசினோ, அடியில் உருளும் நீர்த்துளியோ கண்ணில் படலாம். ஜெட்டை எடுத்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். துளை முழு வட்டமாகத் தெரிய வேண்டும். பிறைபோலத் தெரிந்தால் அடைப்பு இருக்கிறது. மின்வயரின் ஒற்றைச் செம்பு இழையையும் கார்புரேட்டர் கிளீனரையும் கொண்டு சுத்தம் செய்யுங்கள். இரும்பு ஊசி துளையைப் பெரிதாக்கிவிடும். பிறகு அந்த ஜெட்டை வீசத்தான் வேண்டும். பக்கவாட்டில் இருக்கும் நுண்துளைகளையும் விட்டுவிடாதீர்கள். சுமையில்லாமல் ஓடும்போது மட்டும் தடுமாறும் எஞ்சினில் அவையே பலமுறை குற்றவாளி.

திரும்பப் பூட்டும்போது கார்புரேட்டருக்கும் எஞ்சினுக்கும் இடையில் காற்று கசியாமல் அடைக்கும் கேஸ்கெட்டைப் பாருங்கள். கிழிந்திருந்தால் புதியது போடுங்கள். டேங்க் மூடியின் காற்றுத்துளை அடைத்திருந்தாலும் பெட்ரோல் தடைபடும். ஆனால் அது சற்று நேரம் ஓடிய பிறகே தெரியும். மூடியைத் தளர்த்தினால் சரியாகிவிடும்.

இத்தனைக்குப் பிறகும் அடங்காவிட்டால்தான் கவர்னர் பக்கம் வாருங்கள். முதலில் வெளிப்பாகங்கள்: உலர்ந்த புல் சிக்கிய இணைப்புக் கம்பி, வளைந்த ஸ்பிரிங், காற்றுத்தகடு வகையானால் விசிறி உறைக்குள் அடைந்த குப்பை. வேக நெம்புகோலை உச்சத்தில் வைத்தால், நின்ற எஞ்சினில் த்ராட்டில் முழுதாகத் திறந்திருக்க வேண்டும். அதைக் கோளாறு என்று நினைத்து வளைத்து மூடியவர்கள் உண்டு. ஸ்பிரிங்கைக் கழற்றுவதாக இருந்தால் எந்தத் துளையில் மாட்டியிருந்தது என்று முன்பே படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு துளை மாறினாலும் வேகமும் கவர்னரின் உணர்திறனும் மாறிவிடும்.

கவர்னர் தண்டை த்ராட்டிலோடு இணைக்கும் கவர்னர் கையின் நட்டு தளர்ந்து நழுவியிருந்தால் மறுபடி பொருத்துவது எளிது. நட்டைத் தளர்த்தி, கையை நகர்த்தி த்ராட்டிலை முழுதாகத் திறந்து பிடியுங்கள். கை எந்தத் திசையில் நகர்ந்ததோ அதே திசையில் கவர்னர் தண்டையும் முட்டும்வரை திருப்பி நட்டை இறுக்குங்கள். திசை மாறினால் எஞ்சின் கட்டுக்கடங்காமல் ஓடும்.

நண்பரின் யோசனைக்கு நான் இவ்வளவு பதறுவதற்குக் காரணம் இருக்கிறது. நிமிடத்துக்கு 3,000 சுற்றில் 53 செ.மீ. பிளேடின் முனை மணிக்குச் சுமார் 300 கி.மீ. வேகத்தில் பறக்கிறது. ஸ்பிரிங்கை இழுத்தால் அந்த வேகம் இன்னும் கூடும். வேகம் இரட்டித்தால் பிஸ்டனோடு இணைந்த கனெக்டிங் ராடும் பிளேடும் தாங்கும் விசை நான்கு மடங்காகும். உச்ச வேகத்துக்குக் கையேட்டில் உள்ள எண்ணே வரம்பு. அதைச் சுற்றுவேகம் காட்டும் டேக்கோமீட்டர் வைத்து அளக்க வேண்டும், காதால் மதிப்பிடக் கூடாது. டேக்கோமீட்டர் கையில் இல்லையென்றால் ஸ்பிரிங்கைத் தொடாமல் மெக்கானிக்கிடம் கொண்டுபோங்கள்.