தாய்மாமா வேண்டாம், வாப்பா பேசட்டும்

கேள்வி: பத்தாம் வகுப்பு படிக்கும் மகன் சில மாதமாக யாரிடமும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. ‘சொப்பன ஸ்கலிதம் (தூக்கத்தில் விந்து வெளியாவது), நரம்புத் தளர்ச்சி’ என்று அவன் போனில் தேடியிருப்பதை என் மனைவி பார்த்திருக்கிறாள். நான் சவூதியிலிருந்து லீவில் வந்திருக்கிறேன். எங்கள் சமுதாயத்தில் வாப்பாவும் மகனும் இதையெல்லாம் பேசுகிற வழக்கம் இல்லை. தாய்மாமாவை விட்டுச் சொல்லச் சொல்லலாமா?
– பெயர் வேண்டாம், தேங்காய்ப்பட்டணம்

பதில்: வேண்டாம். நீங்களே பேசுங்கள். லீவு முடிவதற்குள் பேசுங்கள்.

சமுதாயத்தைக் காரணம் காட்டாதீர்கள். தூக்கத்தில் விந்து வெளியானால் குளிப்பு கடமை என்று ஓதப் போகிற பிள்ளைக்கு மதரஸாவிலேயே சொல்லிக் கொடுக்கிறார்கள். உஸ்தாதுக்கு இல்லாத கூச்சம் உங்களுக்கு எதற்கு? குளச்சல், தூத்தூர் பக்கத்துக் கிறிஸ்தவ வீடுகளிலும் அப்பாக்கள் இப்படித்தான் வாய் திறப்பதில்லை. கூச்சத்துக்கு மதம் கிடையாது.

உங்கள் மகனைத் தின்கிற பயம், லாட்ஜில் அறை போட்டு ‘வைத்தியம்’ பார்த்தவர்களும் லேகியக்காரர்களும் தலைமுறை தலைமுறையாக விதைத்தது. பாலுறவு சக்தியைக் கூட்டுவதாக மருந்து விளம்பரம் செய்வதை 1954-லேயே சட்டம் போட்டுத் தடுத்தார்கள். இன்றைக்கும் அந்த விளம்பரம் பிள்ளைகளின் போனில் வந்து நிற்கிறது. விந்து வெளியாவதால் ரத்தம் வற்றாது, நரம்பு தளராது, ஞாபகசக்தி குறையாது, நாளைய கல்யாண வாழ்க்கையும் கெடாது. இதை அவன் உங்கள் வாயால் கேட்க வேண்டும். “உன் வயசில் எனக்கும் இப்படித்தான், அப்போ எனக்குச் சொல்லித்தர ஆளில்லை” என்று தொடங்குங்கள். போனைப் பார்த்த கதை மட்டும் வேண்டாம். அதைச் சொன்னால் அத்தோடு வாயை மூடிக்கொள்வான்.

இன்னொன்றை அழுத்திச் சொல்லுங்கள். விதைப்பையில் திடீரென்று கடும் வலி வந்தால், நடுராத்திரியானாலும் உங்களையோ உம்மாவையோ எழுப்ப வேண்டும். விதை முறுக்கிக்கொண்டிருந்தால் சுமார் ஆறு மணி நேரத்துக்குள் அறுவை சிகிச்சை செய்தாக வேண்டும். தாமதித்தால் அந்த விதையையே எடுக்க வேண்டிவரும். வெட்கப்பட்டு விடியும்வரை பல்லைக் கடித்துக் கிடக்கிற பையன்கள்தான் அதை இழக்கிறார்கள். நேராக ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கூட்டிப்போக வேண்டிய வலி அது.

நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில் கறுப்பின, லத்தீன் அமெரிக்கக் குடும்பத்து அப்பாக்களுக்கே பயிற்சி கொடுத்து மகன்களிடம் பேச வைத்தார்கள். ஆணுறையைச் சரியாகப் பயன்படுத்துவது அந்தப் பையன்களிடம் கூடியது. பேசினால் பிள்ளை கெட்டுப்போவான் என்ற பயத்தை விடுங்கள்.

சட்டத்தையும் சொல்லுங்கள். 18 வயது ஆகாத பெண்ணின் சம்மதம் போக்சோ சட்டத்தில் செல்லாது. அவளிடம் அந்தரங்கப் படம் கேட்பதும் வழக்கில்தான் கொண்டுபோய் விடும்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் கொட்டாதீர்கள். சவூதி போன பிறகு, உம்மாவின் போனுக்கு அடித்து அவனைக் கூப்பிடச் சொல்லாமல் அவன் போனுக்கே நேராக அடியுங்கள்.