வேர்ட்பிரஸ்: ஒரே பதிவுப் பட்டியலை ஒரு பக்கத்தில் இரண்டு முறை காட்டுவதும், தீமில் செய்த மாற்றம் அப்டேட்டில் அழியாமல் காப்பதும் எப்படி?

வேர்ட்பிரஸ் (இணையதளம் நடத்த உதவும் மென்பொருள்) தளத்தில், பக்கத்தின் மேலே முதல் ஐந்து பதிவுகளின் தலைப்புகளும் கீழே முழுப் பட்டியலும் வர வேண்டும். ஆனால் கீழ்ப்பட்டியல் ஆறாவது பதிவிலிருந்துதான் தொடங்குகிறது, தீமில் (தளத்தின் தோற்றத்தை அமைக்கும் கோப்புகளின் தொகுப்பு) செய்த மாற்றமும் அப்டேட்டில் அழிந்துவிட்டது என்கிறீர்கள். மயிலாப்பூர் சபா ஒன்றின் மார்கழிக் கச்சேரிப் பக்கத்தை இதே அமைப்பில்தான் பராமரித்து வருகிறேன்.

டேட்டாபேஸ் அனுப்பிய பதிவுகள் அனைத்தும் மெயின் க்வெரியின் (பக்கத்துக்கான பதிவுகளைக் கேட்டு வாங்கும் முதன்மை வினவல்) நினைவில் அப்படியே இருக்கின்றன. எந்தப் பதிவில் நிற்கிறோம் என்ற எண் மட்டுமே நகர்கிறது. லூப் (பதிவுகளை ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டும் சுழற்சி) இறுதிவரை ஓடி முடிந்தால் ‘ஹேவ் போஸ்ட்ஸ்’ ஃபங்ஷனே அந்த எண்ணைத் தொடக்கத்துக்குத் திருப்பிவிடும். நீங்கள் ஐந்தாவது பதிவில் ‘பிரேக்’ கொடுத்து வெளியேறுவதால் அது நடப்பதில்லை. இரண்டாவது லூப்புக்கு முன் ‘ரீவைண்ட் போஸ்ட்ஸ்’ என்று ஒரு வரி சேர்த்தால் போதும். டேட்டாபேஸை மறுபடி கேட்க வேண்டியதில்லை.

இதற்காக ‘க்வெரி போஸ்ட்ஸ்’ பயன்படுத்தச் சொல்லும் பழைய குறிப்புகளை நான் ஏற்பதில்லை. அது மெயின் க்வெரியையே மாற்றிவிடுவதால், அடுத்த பக்கம், முந்தைய பக்கம் இணைப்புகள் குழம்பும். வேறு பதிவுகள் தேவைப்பட்டால் மட்டும் தனியாக ஒரு ‘டபிள்யூபி க்வெரி’ எழுதி, அதன் லூப் முடிந்ததும் ‘டபிள்யூபி ரீசெட் போஸ்ட்டேட்டா’ கொடுங்கள். இல்லாவிட்டால் கச்சேரிப் பக்கத்தின் கீழே பாடகர் பெயருக்குப் பதில் வேறொரு பதிவின் தலைப்பு வந்து நிற்கும்.

இனி, அப்டேட்டில் அழிந்த மாற்றம். சைல்டு தீம் (மூலத் தீமைச் சார்ந்து இயங்கும் துணைத் தீம்) ஒன்றை உருவாக்கி, அதன் ஸ்டைல் கோப்பின் தலைப்பகுதியில் ‘டெம்ப்ளேட்’ என்ற இடத்தில் மூலத் தீமின் ஃபோல்டர் பெயரை எழுதி, திருத்த வேண்டிய டெம்ப்ளேட் கோப்பை (பக்க அமைப்புக் கோப்பு) மட்டும் அதே பெயரில், அதே உள்ஃபோல்டர் அமைப்பில் நகலெடுங்கள். வேர்ட்பிரஸ் முதலில் அதைத்தான் எடுக்கும். ‘ஃபங்ஷன்ஸ்’ கோப்பு மட்டும் விதிவிலக்கு: இரண்டு தீம்களின் கோப்புகளும் ஏற்றப்படும், சைல்டு தீமினுடையது முதலில். ஆகவே மூலத்தின் கோப்பை முழுவதுமாக அங்கே நகலெடுத்தால், ஒரே ஃபங்ஷன் இருமுறை அறிவிக்கப்பட்டுத் தளமே நின்றுபோகக்கூடும் (சீசன் நடுவில் அப்படி ஆனால் சபா செயலாளரிடமிருந்து வரும் தொலைபேசி அழைப்புகளைச் சொல்லி மாளாது).

நகலெடுத்த டெம்ப்ளேட்டுக்கு மூலத் தீமின் திருத்தங்கள் எதுவும் வந்து சேராது. எனவே ஒவ்வொரு அப்டேட்டுக்குப் பிறகும் இரு கோப்புகளையும் ஒப்பிட்டு, பாதுகாப்புத் திருத்தம் ஏதேனும் இருந்தால் கையால் சேர்த்துவிடுங்கள்.