பிராங்கில் கடன், ரூபாவில் வைப்பு

கேள்வி: திருகோணமலை உப்புவெளியில் இரண்டு அறைகளை உல்லாசப் பயணிகளுக்கு விடுகிறேன். சுவிஸில் இருக்கும் அத்தான் 3 வீத வட்டிக்கு 10,000 பிராங் தந்தார். பிராங்காகவே திருப்ப வேண்டும். அதை 8 வீதத்துக்கு நிலையான வைப்பில் போட்டிருக்கிறேன். ஒக்டோபருக்குப் பிறகு அறைகள் காலி. அந்த மாத வட்டியில்தான் வீடு ஓடுகிறது. இன்னும் 30,000 பிராங் வாங்கச் சொல்கிறார். மனைவி பயப்படுகிறாள். வாங்கலாமா?

பதில்: வாங்காதீர்கள். உங்கள் மனைவியின் பயம் சரியானது. எனக்கு அதைவிடப் பெரிய கவலை, அந்த மாத வட்டியை இலாபம் என்று எண்ணிச் செலவழிக்கிறீர்களே, அதுதான்.

பிராங் 350 ரூபா என்று வைப்போம். வைப்பு 35 இலட்சம். வட்டி 2,80,000, 10 வீத வரி போக 2,52,000. அத்தானுக்கு 300 பிராங், அதாவது 1,05,000. மிச்சம் 1,47,000, மாதம் 12,000 சொச்சம். வருட முடிவில் பிராங் 364 ஆனால், 10,300 பிராங்கைத் திருப்ப 1,44,000 ரூபா கூடுதலாக வேண்டும். வெறும் 14 ரூபா ஏற்றம் கிட்டத்தட்ட எல்லாவற்றையும் விழுங்கிவிடும். நீங்களோ அதை ஏற்கெனவே சாப்பிட்டுவிட்டீர்கள்.

சுவிஸில் விலைவாசி மெதுவாக ஏறுவதால் வட்டியும் குறைவு. இங்கே வட்டி கூடுதலாகக் கிடைப்பது, ரூபா இறங்கக்கூடும் என்பதற்கான ஈடு. இர்விங் ஃபிஷர் என்ற பொருளியலாளர் நூறு வருடத்துக்கு முன்பே இதை விளக்கினார். நடைமுறையில் இந்தக் கணக்கு வருடாவருடம் ஒத்துவராது. 2023இல் ரூபா ஏறியது. அத்தானின் நம்பிக்கை அப்படித்தான் வந்திருக்கும். ஆனால் இறங்கும்போது ஒரேயடியாக இறங்கும். 2022 மார்ச் தொடக்கத்தில் 200 சொச்சமாக இருந்த டொலர், மே மாதம் 360ஐத் தொட்டது. பிராங்கும் தானாகவே துள்ளும்: 2015 ஜனவரி 15 அன்று யூரோவுக்கு எதிராகப் பிராங் அளவுக்கு மேல் ஏறாமல் பிடித்து வைத்திருந்த வரம்பைச் சுவிஸ் மத்திய வங்கி கைவிட்டபோது, பிராங்கில் வீட்டுக்கடன் எடுத்திருந்த போலந்துக் குடும்பங்கள் ஒரே நாளில் கூடுதல் கடனாளிகளானார்கள். அவர்களுக்கும் உங்களைப் போலவே வருமானம் வேறு நாணயத்தில்.

வைப்பு முதிர்ந்ததும் 10,000ஐத் திருப்பிவிடுங்கள். அதுவரை அந்த 12,000ஐத் தொடாதீர்கள். வாடைக்காலச் செலவுக்குச் சீசன் வருமானத்திலிருந்து மாதாமாதம் ஒதுக்குங்கள். அத்தானிடம் மரியாதையாக ஒன்று கேளுங்கள்: "ரூபாவிலேயே திருப்பித் தருகிறேன், 8 வீத வட்டியையும் நீங்களே எடுங்கள், சம்மதமா?" அவர் தயங்கினால், அந்தத் தயக்கத்தின் காரணத்தையும் அவரிடமே கேட்டுப் பாருங்கள்.